பேரம் படியவில்லை... கோயில் பிழைத்தது!

வருஷம் 1784. ரஷ்யாவில் பொகல்யூபவோ என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு கிறிஸ்தவ மடம். மடத்துத் தலைவருக்குக் கட்டட வேலைக்குக் கல் வேண்டியிருந்தது. புதுக் கல் வாங்கினால் எக்கச்சக்கச் செலவு. கொஞ்சம் தள்ளி, நெர்ல் ஆற்றங்கரைப் புல்வெளியில், ஒரு மாதா கோயில் தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தது. 'அதை இடித்துக் கல்லை எடுத்துக்கொள்ளலாமா?' என்று மேலிடத்துக்கு மனுப் போட்டார். மேலிடமும் 'ஆகட்டும்' என்று அனுமதி கொடுத்துவிட்டது. அந்தக் கோயிலுக்கு அப்போதே வயது 600-ஐத் தாண்டியிருந்தது!

இடிக்க ஆள் பேசினார்கள். கூலியில்தான் தகராறு. கான்ட்ராக்டர் கேட்டதை மடம் தரவில்லை. மடம் தர நினைத்தது கான்ட்ராக்டருக்குக் கட்டவில்லை. பேரம் படியாமல் வேலை நின்றுபோனது. கோயிலும் நின்றது! 1992-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது.

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் 'இதுக்கு யார் காசு கொடுத்தது?' என்று யோசிக்கிற புத்தி. 2019 செப்டம்பரில் எட்டு நாள் ரஷ்யாவின் பழைய ஊர்களைச் சுற்றியபோதும் அந்தப் புத்தி கூடவே வந்தது. கைடுகள் ராஜா பெயர்களையும் போர் நடந்த வருஷங்களையும் ஒப்பித்துக்கொண்டே போவார்கள். எனக்கோ ஒரே கேள்விதான்: இத்தனை தீ விபத்து, படையெடுப்பு, புரட்சி, உலகப் போர் எல்லாவற்றையும் தாண்டி இந்தக் கட்டடங்கள் எப்படித் தப்பித்தன? ஊருக்கு ஊர் பதில் வேறு. ஆனால் பாதி இடங்களில் பதில் கல்லாப்பெட்டிப் பக்கமாகத்தான் போய் முடிந்தது.

மாஸ்கோவுக்கு வடகிழக்கே வட்டம் போட்டது போல் இருக்கும் இந்த ஊர்களுக்குத் 'தங்க வளையம்' என்று பெயர். ஏதோ ஜார் சக்கரவர்த்தி சூட்டிய பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். சூட்டியவர் நம்ம கூட்டம், பத்திரிகைக்காரர்! யூரி பிச்கோவ் என்பவர் 1967-ல் ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை எழுதக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போன வழியே திரும்பாமல் வேறு வழியாக மாஸ்கோ வந்து சேர்ந்தார். வழி வளையமாகிவிட்டது. தொடருக்கு அதையே தலைப்பாக வைத்தார். அப்புறம் உல்லாசப் பயண இலாகா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

எனக்குத் துணை, மாஸ்கோவில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த திருநெல்வேலிப் பையன். நண்பரின் தம்பி. "ரஷ்யன்ல எலும்பு பேரெல்லாம் தெரியும்ணே. கட்டடத்துப் பேரு கேட்டா முழிப்பேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டான். நேர்மையான மொழிபெயர்ப்பாளன்!

* * *

மாஸ்கோவிலிருந்து விளாதிமிர் 180 கிலோமீட்டர் சொச்சம். வேக ரயிலில் இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. 12-ம் நூற்றாண்டில் ஆந்திரேய் பொகல்யூப்ஸ்கி என்ற இளவரசன், கீவ் நகரத்தைத் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஒரு தலைநகரம் கட்டிக் காட்டுகிறேன் என்று இங்கே இறங்கினான். எல்லாம் வெள்ளைச் சுண்ணாம்புக் கல். 1164-ல் கட்டி முடித்த 'பொன் வாசல்' இன்றும் ஊருக்கு நடுவே நிற்கிறது. பஸ்ஸும் காரும் அதைச் சுற்றிக்கொண்டு போகின்றன.

உஸ்பென்ஸ்கி பேராலயத்தில் 1408-ல் ஆந்திரேய் ருப்ளேவ் வரைந்த சுவரோவியங்கள் மிச்சம் இருக்கின்றன. இறுதித் தீர்ப்பு நாள் காட்சி. பாவிகளைப் பயமுறுத்த வேண்டிய இடம். ஆனால் ருப்ளேவின் தேவதூதர்களைப் பார்த்தால் பயமே வரவில்லை. 'பரவாயில்லை, வந்துட்டே... உள்ளே வா' என்று கூப்பிடுகிற முகங்கள்.

பக்கத்திலேயே திமீத்ரி பேராலயம். வெளிச்சுவர் முழுக்கச் சிங்கம், பறவை, கொடி என்று நூற்றுக்கணக்கான சிற்பங்கள். 1830-களில் ஜார் முதலாம் நிகலாய் இதைப் பார்த்துவிட்டு, 'ஆதி வடிவத்துக்குக் கொண்டு வாருங்கள்' என்று உத்தரவு போட்டார். அரசாங்கப் பணம் வந்தது. அதிகாரிகள் சுற்றியிருந்த தாழ்வாரங்களையும் கோபுரங்களையும் 'பிற்காலத்து ஒட்டுவேலை' என்று இடித்துத் தள்ளினார்கள். அவையும் பழசுதான் என்பது அப்புறம்தான் தெரிந்தது. காசில்லாமல் ஒரு கோயில் பிழைத்தது. பத்து கிலோமீட்டர் தள்ளி, காசு வந்து இன்னொரு கோயில் மெலிந்தது!

அந்தப் பிழைத்த கோயிலுக்குப் போக, பொகல்யூபவோ ஸ்டேஷனில் தண்டவாளத்தின் மேலே பாலம் ஏறி இறங்கிப் புல்வெளியில் நடக்க வேண்டும். ஒன்றரை கிலோமீட்டர். நடக்க நடக்க அது பெரிதாகவே ஆவதில்லை. கிட்டப் போனாலும் சின்னதுதான். ஒரே ஒரு கும்மட்டம். சுவரில் தாவீது ராஜா வாத்தியம் வாசிக்கிறார். சுற்றிலும் சிங்கங்களும் பறவைகளும் கேட்கின்றன. ஆற்றுத் தண்ணீரில் தலைகீழாக இன்னொரு கோயில். பையன்கூடப் பேச்சை நிறுத்திவிட்டான். (அபூர்வம்!)

கண்ணுக்குத் தெரியாத விஷயம் இன்னும் பெரிசு. வசந்த காலத்தில் இந்தப் புல்வெளி முழுக்க வெள்ளம் ஏறும். அதனால் 1165 வாக்கில் இதைக் கட்டிய கொத்தனார்கள் முதலில் அஸ்திவாரம் போட்டு, அதன் மேல் ஆளுயரத்துக்கும் அதிகமாகக் கல்சுவர் எழுப்பி, அதைச் சுற்றி மண்ணைக் கொட்டிச் செயற்கை மேடு ஆக்கி, மேட்டுக்கு மேல்தான் கோயிலை ஆரம்பித்தார்கள். மண்ணுக்குள்ளே 5 மீட்டருக்கு மேல் கட்டடம் புதைந்திருக்கிறது. இளவரசனை 1174-ல் அவனுடைய பிரபுக்களே பொகல்யூபவோ அரண்மனையில் வெட்டிக் கொன்றார்கள். அரண்மனையில் மாடிப்படிக் கோபுரமும் ஒரு நடைபாதையும் மிச்சம். ஆற்றங்கரைக் கொத்தனார்களின் மேடு மட்டும் அசையவில்லை.

* * *

விளாதிமிரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் சுஸ்தால். இங்கே ரயில் கிடையாது. ஊர் பிழைத்த கதையே அதுதான்.

1862-ல் மாஸ்கோவுக்கும் நிஷ்னி நோவ்கரத்துக்கும் ரயில் ஓட ஆரம்பித்தது. பாதை விளாதிமிர் வழியாகப் போய்விட்டது. சுஸ்தால் ஓரம் கட்டப்பட்டது. ரயில் இல்லையென்றால் பெரிய வியாபாரம் இல்லை, ஆலை இல்லை, புகைபோக்கி இல்லை. பழசை இடித்துவிட்டுப் புதுசு கட்ட யாரிடமும் பணம் இல்லை. ஊர் மக்கள் வெள்ளரிக்காய் போட்டார்கள், ஊறுகாய் போட்டார்கள். நூறு வருஷம் கழித்துப் பார்த்தால்... ஊர் அப்படியே இருக்கிறது! சுமார் 10,000 பேர் இருக்கும் ஊரில் முப்பது சொச்சம் தேவாலயங்கள், ஐந்து மடங்கள். நீலக் கும்மட்டத்தில் தங்க நட்சத்திரம் பதித்த பேராலயம். 1960-களின் கடைசியில் சோவியத் அரசு இதை உல்லாசப் பயண ஊராக்கத் தீர்மானித்தது. தரித்திரமே மூலதனம்!

ஒரு தெருவில் இரண்டிரண்டு கோயில்கள் ஒட்டி ஒட்டி நிற்பதைப் பார்த்துவிட்டு, 'பக்தி ஜாஸ்தியோ?' என்று கேட்டேன். விஷயம் விறகு. உயரமான பெரிய கோயில் கோடைக்கு. குளிர்காலத்தில் அதைச் சூடாக்க முடியாது. அதனால் பக்கத்திலேயே அடுப்பு வைத்த குட்டிக் கோயில், குளிர்காலத்துக்கு. செலவுக்குத் தக்க ஏற்பாடு. எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

அழகுக்குள்ளே அழுகையும் உண்டு. 1525-ல் மாஸ்கோ மன்னன் மூன்றாம் வசீலி, இருபது வருஷமாகக் குழந்தை இல்லை என்று மனைவி சலமோனியாவை வலுக்கட்டாயமாகக் கன்னியாஸ்திரீ ஆக்கினான். அவள் கடைசிவரை இருந்தது இங்கே பக்ரோவ்ஸ்கி மடத்தில். இரண்டாவது மனைவிக்குப் பிறந்த பிள்ளைதான் பிற்காலத்தில் 'பயங்கர இவான்'. இன்னொரு மடத்துக்குள் ஜெயில். இரண்டாம் உலகப் போரில் ஸ்டாலின்கிராடில் சரணடைந்த ஜெர்மன் ஃபீல்டு மார்ஷல் பாவ்லுஸ், 1943-ல் கொஞ்ச காலம் இங்கே கைதி. ஜன்னல் வழியாக ஆப்பிள் தோட்டம் தெரிகிறது.

* * *

சுஸ்தாலிலிருந்து ரஸ்தோவுக்கு வாடகைக் கார் பேசினோம். வழியில் யூரியெவ்-போல்ஸ்கி என்ற தூங்குமூஞ்சி ஊரில் அரை மணி நேரம் நிறுத்தச் சொன்னேன். நிறுத்தியது இந்தப் பயணத்தின் பெரிய லாபம்.

இங்கே 1234-ல் கட்டி முடித்த கியோர்கி பேராலயம், அடியிலிருந்து உச்சிவரை சுவரெல்லாம் சிற்பம். 15-ம் நூற்றாண்டில் அது இடிந்து விழுந்தது. 1471-ல் மாஸ்கோவிலிருந்து வசீலி யெர்மோலின் என்ற மேஸ்திரி வந்து, விழுந்த கற்களை வைத்தே திரும்பக் கட்டினார். ஆனால் எந்தக் கல் எங்கே இருந்தது என்று யாருக்குத் தெரியும்? வந்த கல்லை வந்த இடத்தில் வைத்தார். அதனால் இன்றைக்குச் சுவரில் ஒரு துறவியின் தலை இங்கே, உடம்பு அங்கே, நடுவில் சம்பந்தமில்லாமல் ஒரு மிருகம்! ஆராய்ச்சியாளர்கள் காகிதத்தில் கல்லை மாற்றி மாற்றி அடுக்கி ஆதி வடிவத்தைத் தேடியிருக்கிறார்கள். "டிஸெக்‌ஷன் ஹால்ல பாடியை மாத்தித் தச்ச மாதிரி இருக்குண்ணே" என்றான் வருங்கால டாக்டர்.

எனக்கு யெர்மோலின் மேல் கோபமே வரவில்லை. அந்தக் கல்லையெல்லாம் சாலைக்குக் கொட்டியிருந்தால்?

ரஸ்தோவ் என்று டிக்கெட் கேட்கும்போது ஜாக்கிரதை. தெற்கே டான் நதிக்கரையில் பெரிய ரஸ்தோவ் ஒன்று இருக்கிறது. நான் சொல்வது நேரோ ஏரிக்கரை ரஸ்தோவ். ஏரிக்கரையில் வெள்ளைச் சுவர், கூம்புக் கோபுரங்கள், வெள்ளிக் கும்மட்டங்கள். கிரெம்ளின் என்கிறார்கள். ஆனால் இது போர்க்கோட்டை இல்லை. 1670-80-களில் இயோனா என்ற பேராயர் தனக்காகக் கட்டிக்கொண்ட மாளிகை வளாகம். மணிகளில் பெரியது 32 டன், 1688-ல் வார்த்தது. பெயர் 'சிசோய்'. பேராயருடைய அப்பாவின் பெயர்!

1787-ல் பேராயர் பீடம் யாரோஸ்லாவ்லுக்கு மாறிவிட, வளாகம் அனாதையானது. அறைகள் சாராயத்துக்கும் உப்புக்கும் கிடங்காயின. சுவர்கள் பிளந்தன. இடித்துக் கடைவீதி கட்டலாம் என்றுகூடப் பேச்சு எழுந்தது. கடைவீதியால் லாபம் அடைந்திருக்க வேண்டியவர்கள் யார்? ஊர் வியாபாரிகள். காப்பாற்றியது யார்? அதே வியாபாரிகள்! ஆந்திரேய் தீத்தவ் என்ற வியாபாரியும் அவர் கூட்டாளிகளும் நன்கொடை திரட்டிப் பழுது பார்த்து, 1883-ல் மியூசியம் திறந்தார்கள். தீத்தவ் பழைய ஓலை... மன்னிக்கவும், பழைய கையெழுத்துப் பிரதிகள் சேர்க்கிற பைத்தியம்.

1953 ஆகஸ்டில் ஒரு சூறாவளி பல கும்மட்டங்களையும் கூரைகளையும் பிய்த்து எறிந்தது. அரசாங்கம் வருஷக்கணக்காகச் செலவு செய்து 17-ம் நூற்றாண்டு வடிவத்துக்கே கொண்டு வந்தது. 1973-ல் வந்த ஒரு சோவியத் காமெடிப் படத்தில், கால இயந்திரம் கோளாறாகி 'பயங்கர இவான்' மாஸ்கோ ஃப்ளாட்டுக்கு வர, ஃப்ளாட்டின் மேனேஜர் சிம்மாசனத்தில் உட்காருவார். அரண்மனைக் காட்சிகள் இங்கேதான் எடுத்தது. மேனேஜர் ராஜாவானால் என்ன ஆகும் என்று ஆபீஸ் போகிற யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

* * *

யாரோஸ்லாவ்ல் பெரிய ஊர். வோல்கா நதிக்கரை. ஊருக்கு வருவதற்கு முன்பே அது என் பர்ஸில் இருந்தது! 1,000 ரூபிள் நோட்டை எடுத்துப் பாருங்கள். முன்பக்கம் ஊரை நிறுவிய யாரோஸ்லாவ் சிலை. பின்பக்கம் தல்ச்கவோ என்ற பேட்டையில் உள்ள யோவான் ஸ்நானகன் கோயில். 15 கும்மட்டம், முழுக்கச் செங்கல், கம்பளத்தில் நெய்தது போல் வேலைப்பாடு. கட்டியது ராஜா இல்லை; தோல் பதனிடும் தொழிலாளர்கள் வாழ்ந்த பேட்டை. 1671-ல் ஆரம்பித்து 16 வருஷம் கட்டினார்கள். இன்று பக்கத்தில் பெயிண்ட் ஃபேக்டரி. மணிக்கூண்டு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. நோட்டில் ஃபேக்டரியைப் போடவில்லை.

(நோட்டு என்றதும் ஒரு தகவல். இந்தியர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இணையவழி விசா உண்டு. ஆனால் உக்ரைன் போர் தொடங்கி, 2022 மார்ச்சுக்குப் பிறகு வெளிநாட்டு வங்கிகளின் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் அங்கே வேலை செய்வதில்லை. ஆக, பாஸ்போர்ட்டில் விசா கிடைக்கும். பர்ஸில் இருக்கிற விசாதான் செல்லாது!)

ஊர் நடுவே எலியா தீர்க்கதரிசி கோயில். 1647-க்கும் 1650-க்கும் இடையே ஸ்க்ரீப்பின் சகோதரர்கள் கட்டியது. சைபீரியாவிலிருந்து உரோமத்தோல் கொண்டு வந்து விற்ற பணக்காரர்கள். சுவரோவியத்துக்குப் பணம் கொடுத்தது குடும்பத்தின் விதவை. 1680-81-ல் கூரி நிகீத்தின், சீலா சாவின் தலைமையில் 15 ஓவியர்கள் வரைந்தார்கள். ஒரு அங்குலம் வெற்றுச் சுவர் கிடையாது. பைபிள் கதைதான், ஆனால் டச்சுக்காரர்களின் அச்சுப் படப் புத்தகம் ஒன்றைப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். அதனால் பாலஸ்தீனத்து வயலில் சிவப்பும் நீலமுமாகச் சட்டை போட்டவர்கள் கோதுமை அறுக்கிறார்கள். அந்த அறுவடைச் சுவர் முன்னால் நான் நின்ற நேரத்தில் இரண்டு டூரிஸ்ட் கோஷ்டிகள் வந்து போய்விட்டன.

1918 ஜூலையில் போல்ஷ்விக்குகளுக்கு எதிராக இங்கே ஒரு கலகம். அடக்குவதற்குப் பீரங்கியால் அடித்தார்கள். ஊரில் பெரும் பகுதி எரிந்தது. புகை அடங்கியதும் மாஸ்கோவிலிருந்து 26 வயது இளைஞன் ஒருவன் வந்து, கூரை போன கோயில்களை மழைக்கு முன்னால் மூடுகிற வேலையில் இறங்கினான். பெயர் பியோத்தர் பரனோவ்ஸ்கி. இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

யாரோஸ்லாவ்லிலிருந்து மாஸ்கோ திரும்பும் ரயில் பாதையில், மாஸ்கோவுக்கு 100 கிலோமீட்டர் சொச்சம் முன்னால் அலெக்சாந்த்ரோவ். 'பயங்கர இவான்' 1564-ல் தலைநகரையே விட்டுவிட்டு வந்து பதினேழு வருஷம் ஆட்சி நடத்திய ஊர். நான் இறங்கியது இவானுக்காக இல்லை, பரனோவ்ஸ்கிக்காக.

பழைய கோயில்களை இடிக்காதே என்று வாயைத் திறந்துகொண்டே இருந்த அந்த ஆர்க்கிடெக்ட்டை 1933-ல் கைது செய்து சைபீரிய முகாமுக்கு அனுப்பினார்கள். 1936-ல் விடுதலை. ஆனால் மாஸ்கோவில் குடியிருக்கக் கூடாது. 100 கிலோமீட்டருக்கு அப்பால்தான் இருக்கலாம். அலெக்சாந்த்ரோவ் மியூசியத்தில் வேலை கிடைத்தது. அந்தச் சமயத்தில்தான் செஞ்சதுக்கத்தில் கசான் மாதா பேராலயத்தை இடிக்க ஆரம்பித்திருந்தார்கள். 17-ம் நூற்றாண்டுக் கட்டடம்.

பரனோவ்ஸ்கி என்ன செய்தார் தெரியுமா? காலையில் ரயில் ஏறித் தடையை மீறி மாஸ்கோ போவார். ஒருபுறம் இடித்துக்கொண்டிருக்க, மறுபுறம் இவர் டேப்பை வைத்து அளந்து குறித்துக்கொள்வார். சாயங்காலம் ஐந்தரை மணிக்குள் ஊர் திரும்பி அதிகாரிகளிடம் கையெழுத்துப் போட்டாக வேண்டும். பிந்தினால் மறுபடி முகாம். தாம்பரத்திலிருந்து பீச்சுக்கு ரயிலில் போய் அட்டெண்டன்ஸுக்கு அலறுகிற நமக்கு இந்த ரயில் பயணத்தின் படபடப்பு கொஞ்சமாவது புரியும். பேராலயம் தரைமட்டமானது. அளவுகள் பத்திரமாக இருந்தன. 1984-ல், கிட்டத்தட்டக் கண் தெரியாத கிழவராக அவர் இறந்துபோனார். அந்த அளவுகளை வைத்து 1990-லிருந்து 93-க்குள் அதே இடத்தில் பேராலயத்தைத் திரும்பக் கட்டினார்கள். இப்போது செஞ்சதுக்கத்தில் நீங்கள் பார்ப்பது அதுதான்.

கல் கட்டடத்துக்கு ஒரு பரனோவ்ஸ்கி வருகிறார், யுனெஸ்கோ வருகிறது. மர வீட்டுக்கு? எட்டு நாளும் என் மனசைப் பிசைந்தது இதுதான். எல்லா ஊரிலும் பின்தெருக்களில் கட்டை அடுக்கிக் கட்டிய வீடுகள். ஜன்னலைச் சுற்றி மரத்தில் பூவும் சூரியனும் பறவையும் செதுக்கிய சட்டம். 'நலீச்னிக்' என்கிறார்கள், 'முகத்தின் மேல் இருப்பது' என்று அர்த்தமாம். சுவருக்கும் ஜன்னலுக்கும் இடையே குளிர்காற்று புகாமல் அடைக்க வைத்த பலகை. அடைப்புப் பலகைக்கு இவ்வளவு அலங்காரம்! வீடுகள் பாதி சாய்ந்துவிட்டன, சில எரிந்துவிட்டன. சில வீடுகளில் செதுக்குச் சட்டத்தைப் பிடுங்கிவிட்டு வெள்ளை பிளாஸ்டிக் ஜன்னல்.

முயற்சி இல்லாமலில்லை. சமாரா நகரத்தில் 2015-ல் இளைஞர்கள் 'டாம் சாயர் ஃபெஸ்ட்' என்று ஆரம்பித்தார்கள். வேலிக்கு வெள்ளையடிக்கிற வேலையை விளையாட்டு மாதிரி காட்டி நண்பர்கள் தலையில் கட்டுவானே கதையில் ஒரு பையன், அவன் பெயர். தொண்டர்கள் லீவு நாளில் வந்து பழைய பெயிண்டைச் சுரண்டி, உடைந்த பலகையை மாற்றி, வர்ணம் அடித்துக் கொடுத்தார்கள். பல டஜன் ஊர்களுக்கு அது பரவியது. சைபீரியாவில் தோம்ஸ்க் நகரசபை இன்னொரு கணக்குப் போட்டது: சிதைந்த மர வீட்டை சதுர மீட்டருக்கு வருஷம் 1 ரூபிள் வாடகையில் 49 வருஷக் குத்தகைக்குத் தருகிறோம், உன் செலவில் பழைய வடிவத்துக்கே கொண்டு வா என்று. குத்தகைப் பத்திரம் என்றால் இப்படி இருக்க வேண்டும்!

அலெக்சாந்த்ரோவ் ஸ்டேஷனுக்குத் திரும்பும் வழியில் அப்படி ஒரு வீடு. பச்சைச் சுவர், தெருப்பக்கம் மூன்று ஜன்னல். எழுபது வயது மதிக்கத்தக்க பாட்டி வாசலில் ஆப்பிள் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஜன்னலைப் படம் எடுக்கலாமா என்று பையன் கேட்டான். எடுக்கச் சொல்லிவிட்டு, அவரே ஜன்னல் இடுக்கில் செருகியிருந்த ஒரு விளம்பர அட்டையை உருவிக் காட்டினார். பிளாஸ்டிக் ஜன்னல் கம்பெனி. தச்சர் கேட்கிற கூலியில் பாதிக்கு இவர்கள் ஜன்னலே மாட்டித் தருவார்களாம், குளிரும் வராதாம்.

"அண்ணன் கணக்குப் படிச்சவருன்னு சொன்னேன். என்ன பண்ணலாம்னு கேக்கறாங்க" என்றான் பையன்.

நான் வாயைத் திறப்பதற்குள் பாட்டியே தொடர்ந்தார். ஏற்கெனவே முடிவு செய்துவிட்டாராம். பின்பக்கம் இரண்டு ஜன்னலும் பிளாஸ்டிக்; பென்ஷனில் அவ்வளவுதான் முடியும். தெருப்பக்கம் மூன்றும் அவருடைய மாமனார் செதுக்கியது, அதைத் தொடப்போவதில்லை. பெயிண்ட் மட்டும் உரிந்து கிடக்கிறது. சொல்லிக்கொண்டே எங்கள் இரண்டு பேரையும் தலையிலிருந்து கால்வரை அளந்தார். என்னவோ கேட்டார்.

"என்னடா சொல்றாங்க?"

"பெயிண்ட் டப்பா வீட்ல இருக்காம்ணே. நமக்கு ரயில் எத்தனை மணிக்குன்னு கேக்கறாங்க!"